சிமெண்டு ஆலையில் பிறந்த காற்பந்துக் குழு



காற்பந்து நமக்குப் புதிய விளையாட்டன்று. வேலை முடிந்து குளித்து, தேநீர் அருந்திவிட்டு நேரே திடலுக்குப் போகிறவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. புகழ்பெற்ற குழுக்களின் பெயர்கள் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் குழு யாருக்குச் சொந்தம் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால், பெரும்பாலும் ஒரு செல்வருக்கு அல்லது ஒரு கம்பெனிக்கு என்றுதான் விடை வரும். கல் உடைத்துச் சூளையில் வெந்த தொழிலாளர்களே ஆலைக்கும் உரிமையாளர்களாகி, காற்பந்துக் குழுவுக்கும் உரிமையாளர்களான வரலாறு ஒன்று மெக்சிகோ நாட்டில் இருக்கிறது. அதை இன்று பார்ப்போம்.

மெக்சிகோவின் தலைநகருக்கு வடக்கே இதால்கோ என்ற மாநிலம் உள்ளது. அது வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்போன பகுதி. இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டாரத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்த சுரங்கத் தொழிலாளர்கள்தாம், 1900ஆம் ஆண்டை ஒட்டி, பச்சூக்கா நகரில் காற்பந்தை வேரூன்றச் செய்தவர்கள். பிழைக்கப் போகிற மனிதன் தன் விளையாட்டையும் கூடவே கொண்டுபோகிறான்!

அதே மாநிலத்தில் ஹஸ்ஸோ என்றோர் ஊர். சுண்ணாம்புக்கல் நிறைந்த மண். 1881இல் ஹென்றி கிப்பன் என்ற ஆங்கிலேயர் அங்கே தொடங்கிய ஆலை, பின்னர் சிமெண்டு ஆலையாக வளர்ந்தது. அதன் பெயர்தான் குரூஸ் அசூல். ஸ்பானிய மொழியில் நீலச் சிலுவை என்று பொருள். சிமெண்டு வேலை எளிதானதன்று. மலையை வெடிவைத்துத் தகர்த்து, கல்லை நொறுக்கி, களிமண்ணோடு கலந்து, கொதிக்கும் சூளையில் சுட்டு, மறுபடியும் மாவாக அரைக்க வேண்டும். வெப்பமும் தூசியும் அங்கே இருப்பவர்களின் அன்றாட வாழ்வு.

அந்தத் தொழிலாளர்கள் முதலில் விரும்பி ஆடியது பேஸ்பால். காற்பந்தில் நாட்டம் கொண்டவர்களும் வளர்ந்து வந்தார்கள். எந்த ஆட்டம் என்ற கேள்வி எழுந்தபோது, தொழிலாளர்கள் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். காற்பந்து வென்றது. 1927 மே 22ஆம் நாள் குரூஸ் அசூல் குழு பிறந்தது.

நான்கே ஆண்டுகளில் இடி விழுந்தது. உலகமெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த காலம். 1931இல் தொல்தேக்கா என்ற போட்டி நிறுவனம் குரூஸ் அசூல் ஆலையை விலைக்கு வாங்கியது. வாங்கியது நடத்துவதற்கு அல்ல, மூடுவதற்கு! சந்தையில் ஒரு போட்டியாளர் ஒழிந்தால் லாபம்தானே? ஆனால் ஆலை மூடினால் ஊரே மூடியதாகிவிடும். தொழிலாளர்கள் வெளியேற மறுத்தார்கள். சட்டப்படி வழக்காடினார்கள். 1932இல் இதால்கோ மாநில அரசு குறுக்கிட்டு ஆலையைக் கையகப்படுத்தியது. விலையைத் தவணையாகச் செலுத்தும் ஏற்பாட்டில் ஆலை தொழிலாளர் கைக்கு வந்தது. 1934இல் 192 தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

கூட்டுறவு என்ற சொல்லை நாம் அறிவோம். ஆனால் ஒரு சிமெண்டு ஆலையைக் கூட்டுறவாக நடத்துவது மளிகைக் கடை நடத்துவது போன்றதன்று. சூளை பழுதானால் புதுச் சூளை வாங்கப் பணம் வேண்டும். சிமெண்டு விற்காத மாதத்திலும் வயிறு பசிக்கும். முதலாளி போய்விட்டார் என்பதால் கடன் போய்விடவில்லை. கடனும் உழைப்புமாகத்தான் அவர்களுடைய முதல் ஆண்டுகள் கழிந்தன.

1953இல் கில்லெர்மோ அல்வாரெஸ் மசியாஸ் என்பவர் சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். ஆலை விரிவடைந்தது. லாபம் வீடுகளாகவும் பள்ளிகளாகவும் மருத்துவமனையாகவும் மாறியது. ஹஸ்ஸோவின் பக்கத்தில் எழுந்த குடியிருப்புக்குக் கூட்டுறவு நகரம் என்றே பெயர் வந்தது. காற்பந்துக்கும் ஒரு மைதானம் கட்டினார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டமாக இருந்த குழு, 1960களின் தொடக்கத்தில் நாட்டின் இரண்டாம் பிரிவில் சேர்ந்தது. ஹங்கேரியரான மரிக் பயிற்சியில் 1964இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. தலைநகரத்துப் பெரிய குழுக்களெல்லாம் இந்தச் சின்ன ஊருக்குப் பேருந்து ஏறி வந்து ஆட வேண்டியதாயிற்று. அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கவே நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

முதற்பிரிவுக்கு வந்த ஐந்தாம் ஆண்டிலேயே, 1969இல், ராவுல் கார்தெனாஸ் பயிற்சியில் தேசிய வெற்றியாளர் பட்டம் கிடைத்தது. 1971இல் குழு தலைநகரின் அஸ்தேக்கா மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. 1972இல் அங்கே நடந்த இறுதி ஆட்டத்தில், செல்வாக்கு மிக்க அமெரிக்கா குழுவை 4-1 என்று வீழ்த்தியது. 1970 முதல் 1980 வரை மட்டும் ஆறு பட்டங்கள்! நீலச் சட்டை அணிந்து ஓயாமல் ஓடிய அவர்களை மக்கள் 'வான்நீல இயந்திரம்' என்று அழைத்தார்கள். அன்றைய கோல்காவலர் அர்ஜெண்டினாவிலிருந்து வந்த மிகேல் மரின். சூப்பர்மேன் என்று பட்டப்பெயர் பெற்ற அவரே, ஓர் ஆட்டத்தில் பந்தை வீசப்போய், பாதியில் மனம் மாறித் தடுமாறி, தம் வலைக்குள்ளேயே போட்டுவிட்டார். இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்; அன்போடுதான் சிரிக்கிறார்கள்.

அதன்பின் வறட்சி. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1997 டிசம்பரில் லெயோன் குழுவுடன் நடந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிர்க்குழுக் கோல்காவலரின் உதை கார்லோஸ் எர்மொசியோவின் முகத்தில் பட்டது. இரத்தம் வழியும் முகத்தோடு அவரே பெனால்டி உதைத்துக் குழுவை வெற்றி பெறச் செய்தார். 2001இல் தென் அமெரிக்காவின் லிபர்த்தடோரஸ் கோப்பை இறுதிக்கு வந்த முதல் மெக்சிகோ குழு என்ற பெருமையும் கிடைத்தது. ஆனால் போக்கா ஜூனியர்ஸ் குழுவிடம் பெனால்டி உதைகளில் கோப்பை பறிபோனது.

பிறகு தோல்விக் காலம் நீண்டது. 2013இல் அமெரிக்கா குழுவுக்கு எதிரான இறுதிச் சுற்றில், 89ஆவது நிமிடம் வரை மொத்தக் கணக்கில் இரண்டு கோல் முன்னிலை. அதன்பின் இரண்டு கோல்கள் விழுந்தன. இரண்டாவதைத் தலையால் முட்டிப் போட்டவர் எதிரணிக் கோல்காவலர்! பெனால்டியில் தோல்வி. கைக்கெட்டியதைக் கடைசி நேரத்தில் இழப்பதற்கு 'குரூசசூலேயார்' என்று மெக்சிகோ மக்கள் ஒரு வினைச்சொல்லே உண்டாக்கிவிட்டார்கள். தம் பெயரே கேலிச்சொல்லாகியும் ரசிகர்கள் குழுவைக் கைவிடவில்லை.

திடலில் இழந்ததைவிடப் பெரிய இழப்பு ஆலைப் பக்கம் நேர்ந்தது. அல்வாரெஸ் மசியாஸ் 1976இல் காலமானார். 1988 முதல் அவருடைய மகன் சங்கத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். தொழிலாளர் சங்கத்தில் தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது நல்ல அறிகுறி என்று நாம் கருதவில்லை. பணம் எங்கே போகிறது என்று கேட்ட உறுப்பினர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நெடுநாள் வழக்கு நடந்தது. 2020இல் பணமோசடி முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில் அவர்மீது பிடியாணை பிறந்தது. அவர் பதவி விலகினார், 2025இல் கைதானார். இதற்கிடையே 2022 ஏப்ரலில், கூட்டுறவு நகரத்து ஆலை யார் கையில் இருப்பது என்று இரு தரப்பினர் மோதிக்கொண்டதில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். 192 பேர் ஒன்றாக நின்று காப்பாற்றிய ஆலையின் வாசலில் நடந்தது இது.

அந்தக் குழப்பங்களுக்கு நடுவில்தான், 2021 மே 30ஆம் நாள், 23 ஆண்டுகள் காத்திருந்த பட்டம் வந்தது. சாந்தோஸ் லகூனா குழுவை மொத்தக் கணக்கில் 2-1 என்று வென்றார்கள். பயிற்சியாளர் பெரு நாட்டவரான ஹுவான் ரெய்னோசோ. 1997இல் வென்ற குழுவில் ஆடியவர். அது ஒன்பதாவது தேசியப் பட்டம். 2025 ஜூனில் கனடாவின் வன்கூவர் குழுவை 5-0 என்று தோற்கடித்து, வட, மத்திய அமெரிக்க, கரிபிய வட்டாரத்தின் வெற்றியாளர் கோப்பையை ஏழாம் முறையாகக் கைப்பற்றினார்கள். அந்தக் கோப்பையை அவர்கள் முதன்முதலில் வென்றது 1969இல், ஹஸ்ஸோ ஊர்க் குழுவாக இருந்தபோது.