எதை எடுத்தாலும் ஐந்து சென்ட்

கோயில் திருவிழாவில் "எதை எடுத்தாலும் பத்து ரூபா" என்று கூவுகிற கடையைச் சுற்றி எந்த நேரமும் கூட்டம் நிற்கும். சீப்பு, ஊக்கு, டீ வடிகட்டி, சோப்பு டப்பா எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். கையை விட்டுப் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். விலை விசாரிக்க வேண்டாம், பேரமும் பேச வேண்டாம். இந்த வியாபாரத்தை உலகம் தழுவிய தொழிலாக வளர்த்தவர் பிராங்க் வின்ஃபீல்ட் வூல்வொர்த். 1852இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

1873இல் அவர் வாட்டர்டவுன் ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது. அன்றைய கடைகளில் சரக்கெல்லாம் விற்பவரின் முதுகுக்குப் பின்னே அலமாரியில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். பல கடைகளில் விலையும் ஆளுக்கு ஆள் மாறும். கையில் கொஞ்சமாகக் காசு வைத்திருக்கும் ஏழைப் பெண் அந்தக் கடைக்குள் நுழையவே தயங்குவாள். வூல்வொர்த்துக்கு வாய்ச்சாலகம் போதாது, விற்பனையில் சோடை போனார். ஆனால் சரக்கைக் கண்ணில் படும்படி அடுக்கிவைப்பதில் கெட்டிக்காரர்.

அந்தத் திறமைக்கு 1878இல் வேலை வந்தது. சில்லறைச் சாமான்களை ஒரு மேசைமேல் பரப்பி, எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று எழுதிவைத்தார்கள். மேசை காலியானது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் யுடிகா நகரில் சரக்கைக் கடனாக வாங்கிச் சொந்தக் கடை போட்டார். சில மாதங்களிலேயே மூட வேண்டியதாயிற்று. மனம் தளராமல் 1879 ஜூன் 21 அன்று பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் மறுபடி கடை திறந்தார். முதல் நாள் விற்பனை 127 டாலர் 65 சென்ட். ஒவ்வொன்றும் ஐந்து சென்ட் என்றால் 2,553 சாமான்கள்! பின்னர் பத்து சென்ட் சாமான்களும் சேர்ந்தன. "ஐந்து, பத்து சென்ட் கடை" என்ற பெயர் நிலைத்தது.

ஐந்து சென்டுக்கு எப்படிக் கட்டுப்படியானது? மொத்தமாக வாங்கினார், இடைத்தரகர்களை முடிந்தவரை விலக்கினார். 1890இல் ஐரோப்பாவுக்குப் போனவர் ஜெர்மனியின் லௌஷா பகுதியைத் தேடிச் சென்றார். அங்கே குடும்பம் குடும்பமாக வீட்டிலேயே கண்ணாடியை ஊதி கிறிஸ்துமஸ் மர அலங்காரப் பொருள்கள் செய்துவந்தார்கள். பத்தாண்டுக்கு முன் அந்தச் சரக்கை வாங்கத் தயங்கி, 25 டாலருக்கு மட்டும் எடுத்துப் பார்த்தவர் அவர். இரண்டே நாளில் அது விற்றுத் தீர்ந்தது. வசதியான வீடுகளில் மட்டும் மின்னிய கண்ணாடி உருண்டைகள் தொழிலாளி வீட்டு மரத்திலும் தொங்கத் தொடங்கியதில் இந்தக் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சிறிய சாதனை என்று சொல்லிவிட முடியாது.

1909இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் கிளை திறந்தது. அங்கே உச்ச விலை ஆறு பென்னி. அந்த வரம்பைத் தாண்டாதிருக்கச் சாமான்களைப் பிரித்து விற்றார்கள். பாத்திரம் ஆறு பென்னி, அதன் மூடி தனியே ஆறு பென்னி. இரண்டையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு ஆன செலவு ஒரு ஷில்லிங். மலிவுக் கடையில் பலகையைப் பார்ப்பதோடு நிற்காமல் மூடியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற வாடிக்கையாளரே லாபம் அடைந்தார்.

சில்லறைக் காசு மலையாகக் குவிந்தது. 1912இல் நண்பர்கள், உறவினர்களின் கடைகளும் இணைந்து 596 கடைகள் கொண்ட ஒரே நிறுவனமாயின. 1913இல் நியூயார்க்கில் 792 அடி உயர வூல்வொர்த் கட்டடம் எழுந்தது. அன்று உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதன் செலவு 1 கோடியே 35 லட்சம் டாலரை அவர் ரொக்கமாகக் கொடுத்தார்.

அந்த மலிவின் பாரத்தில் ஒரு பங்கைக் கல்லாவில் நின்ற பெண்கள் சுமந்தார்கள். விற்பனைப் பெண்களின் கூலி மிகக் குறைவு. 1937 பிப்ரவரி 27, சனிக்கிழமை. டெட்ராய்ட் கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். வெளியே போகவில்லை. கடைக்குள்ளேயே தங்கி, சாப்பிட்டு, படுத்து, ஒரு வாரம் நின்று வென்றார்கள். கிடைத்த கூலி உயர்வு மணிக்கு ஐந்து சென்ட்.

எல்லோருக்கும் ஒரே விலை என்பதுதான் இந்தக் கடைகளின் அடிப்படை. ஆளைப் பார்த்து விலை மாறாது. அந்த நியாயம் சாமான் மேசையோடு நின்றுவிட்டது என்பதே இந்த வரலாற்றின் பெரிய குறை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த வூல்வொர்த் கடைகளில் கறுப்பின மக்களிடம் காசு வாங்கிக்கொண்டு சாமான் கொடுத்தார்கள். அதே கடையின் சிற்றுண்டிக் கவுன்டரில் அவர்கள் உட்காரக் கூடாது.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு கல்லூரி மாணவர்கள் அங்கிருந்த வூல்வொர்த் கடைக்குள் போனார்கள். முதலில் சில சாமான்கள் வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு கவுன்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். ஒரு மேசையில் எங்கள் காசு செல்லும் என்றால் அடுத்த மேசையில் ஏன் செல்லாது என்பதே அவர்களின் வாதம். காபி கொடுக்கவில்லை, கடை மூடும்வரை அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். போராட்டம் தெற்கெங்கும் பரவியது. கடை கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர் வியாபாரத்தை இழந்த பிறகே, ஜூலை 25 அன்று நிர்வாகம் இறங்கிவந்தது. அன்று அந்தக் கவுன்டரில் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர்கள் அந்தக் கடையின் ஊழியர்களே. அவர்களில் ஒருவரான ஜெனீவா டிஸ்டேல் சாப்பிட்டது, தம் கையாலேயே செய்த முட்டை சாலட் சாண்ட்விச்.

ஐந்து, பத்து சென்ட் வரம்பு 1930களிலேயே கைவிடப்பட்டிருந்தது. பின்னால் வந்த பெரிய தள்ளுபடிக் கடைகளோடு போட்டிபோட முடியாமல் அமெரிக்காவில் எஞ்சியிருந்த நானூறு சொச்சம் கடைகளை மூடப்போவதாக 1997இல் அறிவித்தார்கள். பிரிட்டனில் கடைசிக் கடை 2009 ஜனவரி 6 அன்று மூடியது. கிரீன்ஸ்பரோ கடை இடிபடாமல் தப்பியது. 2010 பிப்ரவரி 1 முதல் அது குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். மாணவர்கள் உட்கார்ந்த அந்த நீளக் கவுன்டரை அங்கே இன்றும் பார்க்கலாம். அதன் ஒரு பகுதி நான்கு நாற்காலிகளோடு வாஷிங்டனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.