மாதோட்டத்து உணவும் மக்கள் நலமும்

திருக்கேதீஸ்வரம் என்றதும் பாலாவிக் கரையும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களும் நினைவில் முன்னிற்றல் இயல்பே. ஆயின் அத்தலத்தைச் சூழ்ந்திருந்த மாதோட்டம் என்னும் துறைமுக நகரம் வேறொரு வரலாற்றையும் தன் மண்ணுட் பொதிந்து வைத்துள்ளது. அது மக்கள் உண்ட உணவின் வரலாறு. உணவுக் குறைவால் உண்டாகும் பிணிகளுக்கு உண்பவரின் அறியாமையையோ விதியையோ காரணமாகக் கூறுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்பிணிகள் அடுப்பங்கரையில் மட்டும் தோன்றுவன அல்ல. குளத்திலும் சாலையிலும் ஆலையிலும் தோன்றுவன என்பதை இக்கரையின் வரலாறு தெளிவுறுத்துகின்றது.

2009, 2010 ஆம் ஆண்டுகளில் மாந்தையில் நிகழ்ந்த அகழ்வாய்விற் கிடைத்த தாவர எச்சங்களின் ஆய்வு முடிவுகள் 2018 இல் வெளியாயின. கரியாகிப் போன தானியங்களுள் நெல்லே மிகுதியாகக் காணப்பட்டது. அதனுடன் மிளகு, கிராம்பு, கோதுமை, திராட்சை விதை என்பனவும் கிடைத்தன. கிராம்பு கீழைத் தீவுகளிலிருந்தும், கோதுமையும் திராட்சையும் வறண்ட அயல்நிலங்களிலிருந்தும் கடல்வழி வந்திருத்தல் வேண்டும். இவற்றை ஊரவர் எல்லாரும் உண்டனர் எனக் கொள்வது பொருந்தாது. வணிகரும் செல்வருமே பெரும்பாலும் துய்த்திருப்பர். பொதுமக்களைத் தாங்கியது நெல்லே. அந்நெல்லுக்குப் பின்னே நின்றது நீர். அருவியாற்று நீரைத் தேக்கிய கட்டுக்கரைக்குளம் இவ்வறண்ட நிலத்தை வயலாக்கியது. வயல் தந்த சோற்றுடன் கடல் தந்த மீனும், புன்செய்த் தானியமும், பனையின் பயனும், கீரையும் சேர்ந்தபோதே உணவு நிறைவுற்றது. சோறு உடலுக்கு வலுவைத் தரும். புரதத்தையும் இரும்புச் சத்தையும் உயிர்ச்சத்துக்களையும் போதிய அளவில் தருதல் அதனால் மட்டும் இயலாது.

இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கொடிய முறையில் மெய்ப்பித்தது. அப்பொழுது மாதோட்டம் தன் பழம்பெருமையை இழந்திருந்தது. குளமும் தூர்ந்து கிடந்தது. 1830களின் பின்னர் கோப்பித் தோட்டங்களை நாடிய தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கையிலிருந்த அரிசி தீர்ந்தால் வழியிற் பெறுதற்கு ஒன்றுமில்லை, குடிநீரும் அரிது. காலராவும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. கிருமியே காலராவை விளைப்பது என்பது உண்மை. எனினும், பசியால் நலிந்த உடல் பிணியை எதிர்த்து நிற்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பதும் உண்மை.

மலையகம் சேர்ந்தோரையும் பிணி விட்டபாடில்லை. தோட்டங்களில் அவர்களைப் பீடித்த கொக்கிப்புழு குடலிலிருந்து குருதியை உறிஞ்சியது. இழந்த இரும்புச் சத்தை ஈடுசெய்யும் மீனோ இறைச்சியோ கீரையோ அவர்தம் உணவிற் போதியளவு இடம்பெறவில்லை. குருதிச்சோகை நிலைத்தது, தளர்ந்தவனைச் சோம்பேறி என்றனர். 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கப்பட்ட பின்னரே, சோம்பல் எனப்பட்டது நோயென்னும் உண்மை பரவலாக உணரப்பட்டது.

அதே காலத்தில் மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரிடையே வேறொரு புதுமை காணப்பட்டது. ஆலையில் வெள்ளையாகத் தீட்டப்பட்ட பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மாண்டனர். புழுங்கலரிசியை உண்ட தமிழரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. இவ்வேறுபாட்டை பிராடன் என்னும் மருத்துவர் 1907 இல் எடுத்துரைத்தார். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் ஏறத்தாழ 300 தொழிலாளரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியையும் மாறிமாறி அளித்துச் சோதித்து அதனை உறுதிப்படுத்தினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவுகின்றது. பின்னர் தீட்டினும் முழுதும் நீங்குவதில்லை. நெல்லவிக்கும் பானையைக் கண்ட நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்திலர். ஆயினும் அவர்தம் வழக்கம் கடல் கடந்தும் உயிர்காத்தது. நோயை விளைத்தது அரிசியன்று. அரிசியிலிருந்து ஆலை நீக்கியதே நோய்க்குக் காரணமாயிற்று.

கட்டுக்கரைக்குளம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீளத் திருத்தப்பட்டது. வயல்கள் மீண்டும் பசுமையுற்றன. ஆயினும் உணவின் நிலை உறுதிபெற்றது என்று கூறுதற்கில்லை. 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்தோர் வயலையும் கடலையும் பிரிந்து, நிவாரணமாகக் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு ஆகியவற்றை நம்பியே வாழ்ந்தனர். 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையால் நாட்டின் நெல் விளைவு வீழ்ந்தது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மீனும் முட்டையும் ஏழையின் கைக்கெட்டாதனவாயின. மறுபுறம், பசியின் எதிர்முனையில் வேறொரு பிணி வளர்கின்றது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையின் வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. உடலுழைப்புக் குறைந்த வாழ்க்கையிலும் தட்டை நிறைப்பது தீட்டிய அரிசியும் கோதுமை மாவுமே. நாரிழந்த இவ்வுணவு குருதியில் வெல்லத்தை விரைந்து ஏற்றுகின்றது. பண்டு குறைந்தது கறி. இன்று மிகுந்தது சோறு. தட்டிலுள்ள சமநிலையின்மை இரு காலத்துக்கும் பொதுவாகும்.

ஆகவே நோயாளியை நோக்கி, ‘நல்லுணவு உண்க’ என்று கூறிவிடுதல் மருத்துவத்தின் பாதியே. அந்நல்லுணவு அவன் வீட்டை அடைவதற்குரிய வழி திறந்துள்ளதா என வினவுதல் மறுபாதி. குளத்தைத் தூர்வாருவோனும், மீனவனுக்குக் கடலைத் திறந்துவிடுவோனும், அரிசியைத் தவிட்டோடு விற்க முன்வருவோனும் மருத்துவனின் பணியிற் பங்கு கொள்கின்றனர். மாந்தை மண்ணிற் கரியாகிக் கிடந்த நெல்மணி ஒரு சமுதாயத்தின் உணவை ஆயிரம் ஆண்டின் பின்னரும் எடுத்துரைத்தது. நம் காலத்து மண்ணை நாளை அகழ்வோர் நம் மக்கள் நிறைவாக உண்டனர் என்று காண்பரா என்பது நாம் இன்று செய்யும் செயலைப் பொறுத்ததாகும்.