அங்கொடை வழியும் அண்மை வாசலும்
உளநெருக்கடியுற்றோர் பாதுகாப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள ஊர் ஓட்டமாவடி. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது அதன் பாலமேயாகும். பழைய இரும்புப் பாலத்திலே புகையிரதமும் வீதி வாகனங்களும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொண்டன. 2010 ஆம் ஆண்டு புதிய வீதிப்பாலம் திறக்கப்பட்ட பின்னரே அவை பிரிந்தன. பொலன்னறுவை வழியாகக் கொழும்பு செல்லும் நெல் வணிகரும் மாணவரும் உத்தியோகத்தரும் கடந்த அப்பாலத்தை, சித்தம் கலங்கிய சிலரும் உறவினரின் அல்லது பொலிஸாரின் காவலில் கடந்து சென்றனர். அவர்கள் சேர்க்கப்பட்ட இடம் அங்கொடை. 'அங்கொடைக்கு அனுப்பவேண்டும்' என்னும் தொடர் வசைச் சொல்லாக நம்மிடையே வழங்கி வருவதே அப்பயணம் சமூகத்தின் உள்ளத்தில் எத்தகைய அச்சத்தைப் பதித்தது என்பதற்குச் சான்றாகும். அந்நெடும் பயணம் சுருங்கி, உள்ளூர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு வரை வந்து சேர்ந்த வரலாற்றையும், அவ்வாசலில் நோயாளிக்குக் கிடைக்கவேண்டிய பாதுகாப்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காவலும் கட்டளைச் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் சித்தம் கலங்கியோருக்கெனத் தனி வைத்தியசாலை இருக்கவில்லை. ஹெந்தளையிலிருந்த தொழுநோயாளர் இல்லத்திலேயே அவர்களுட் சிலர் வைக்கப்பட்டனர். 1840களில் பொறளையில் தனிக் காப்பகம் அமைந்தது. 1873 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்துறைக்கு அடித்தளம் இட்டது. அச்சட்டத்தின்படி, சித்தசுவாதீனமற்றவர் எனக் கருதப்படுபவர் முதலில் காணவேண்டியவர் வைத்தியரல்லர், மாவட்ட நீதிபதியே. அலைந்து திரிவோரைப் பொலிஸார் பிடித்து நீதிமன்றில் நிறுத்தலாம். நீதிமன்றம் விசாரித்துக் கட்டளையிட்ட பின்னரே நோயாளி காப்பகத்தை அடைவார்.

நோயாளியின் உரிமையைக் காக்க நீதிமன்றம் வேண்டும் என்னும் வாதத்தை நாம் முற்றாக ஒதுக்கிவிட முடியாது. காரணமின்றி ஒருவரை அடைத்துவைத்தலைத் தடுக்க அது ஓரளவு உதவியிருக்கலாம். ஆயினும் நோயாளியைக் குற்றவாளியின் வழியிலேயே நடத்திச் சென்றமையே அதன் விளைவாயிற்று. 1956 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் தாமாகவே விரும்பி அனுமதி பெறுவதற்கு வழிசெய்தது. எனினும் சட்டத்தின் எலும்புக்கூடு பழையதாகவே இருந்தது; இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபோதும் அதுவே நடைமுறையிலிருந்தது.

1920களில் எழுந்த அங்கொடை வைத்தியசாலை விரைவிலேயே தன் கொள்ளளவை மீறி நிறைந்தது. 1930களின் பிற்பகுதியில் அரசின் அழைப்பை ஏற்று இங்கு வந்த இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வேர்ட் மாப்பதர் அந்நெரிசலைக் கண்டித்து அறிக்கையிட்டார். உளநோயாளரைப் பொது வைத்தியசாலைகளிலும் பார்வையிடவேண்டும் என்ற கருத்தினை அவர் வலியுறுத்தினார். கொழும்பு அதன் பயனைப் பெறத் தொடங்கிய போதும், கிழக்கிலங்கைக்கு அது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

2. ஊரார் அறிந்த வழிகள்

கொழும்பு தொலைவில் இருக்க, ஊர் தனக்கென வழிகளை வகுத்துக்கொண்டது. முஸ்லிம் குடும்பங்கள் ஓதிப் பார்ப்பவரையும், தமிழ்க் குடும்பங்கள் கோயிற் பூசாரியையும், இரு சாராரும் பரிகாரியையும் நாடினர். இவற்றை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. போர்க்காலத்தில் மட்டக்களப்புக் காளி கோயில்களில் வாக்குச் சொல்வோரை ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமற் போனோரின் உறவினருக்கு வாய்விட்டழ இடமளித்தவை அக்கோயில்களே என எடுத்துக்காட்டினார்.

ஆயினும் ஆறுதலுக்கும் சங்கிலிக்கும் இடையிலுள்ள எல்லையை நாம் மறந்துவிடலாகாது. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவையடுத்திருந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 நோயாளர் தப்பியோட இயலாது மாண்டனர். அவர்களை அங்கு கொண்டுவந்து விட்ட உறவினருட் பலர் அன்பற்றவரல்லர். வேறு வாசல் அறியாதவர். பாதுகாப்பு என்ற பெயரால் இடப்பட்ட சங்கிலியே உயிர் பறித்த கொடுமையை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

3. குற்றம் நோயான கதை

உளநெருக்கடியுற்றோர் வைத்தியசாலை வாசலுக்கு வரும் வழிகளுட் கொடியது, தம்முயிரைத் தாமே மாய்க்க முயன்று வருதலாகும். 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்றாகும். அக்காலத்திலே தண்டனைச் சட்டக்கோவையின் 302 ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கொண்டிருந்தது. உயிர் மீண்டவரின் கட்டிலருகே வைத்தியருக்குப் பின்னால் பொலிஸாரின் நிழலும் விழுந்தது. குடும்பத்தினர் உண்மையை மறைத்தனர். மறைக்கப்பட்ட உண்மைக்கு மருந்தளிக்க எவராலும் இயலவில்லை. 1998 இல் அப்பிரிவு நீக்கப்பட்டமை, சட்டத்தின் ஒரு சிறு திருத்தமாயினும், அவசர சிகிச்சைப் பிரிவின் வரலாற்றில் ஒரு பெருந் திருப்பமெனலாம்.

அதனோடு, நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிகொல்லிகள் 1984 முதற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. தற்கொலை இறப்பு வீதம் 1995 இன் பின்னர் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. எனினும் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை அவ்வாறு குறையவில்லை. இறந்திருக்கக்கூடிய பலர் இன்று உயிருடன் வாசலுக்கு வருகின்றனர். ஆகவே அவ்வாசலின் பொறுப்புக் குறையவில்லை, பெருகியுள்ளது.

4. கடற்கோளின் பின்

போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் கொழும்புப் பயணத்தை மேலும் அரிதாக்கின. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மட்டக்களப்பிற் பணியாற்றிய உளமருத்துவர் மகேசன் கணேசன், நோயாளரைத் தொலைவுக்கு அனுப்புதலைத் தவிர்த்து, ஊரிலேயே சிகிச்சையளிக்கும் முறையை வளர்த்தார். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய கடற்கோள் கல்குடா, வாகரைக் கரைகளைச் சிதைத்தபோது இச்சேவையின் இன்றியமையாமை தெளிவாயிற்று. 2005 ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, மாவட்டந்தோறும் கடுநிலை நோயாளருக்கான விடுதி அமையவேண்டும் என்றது. அங்கொடையும் 2008 இல் தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர் மாறிற்று.

5. வாசலில் வேண்டிய பாதுகாப்பு

இன்று ஓட்டமாவடியிலே ஒரு மகன் நள்ளிரவிற் கலங்கி எழுவானாயின், உம்மாவும் வாப்பாவும் அவனை முச்சக்கர வண்டியில் ஏற்றி வாழைச்சேனை வைத்தியசாலையை அடைய நெடுநேரம் ஆகாது. ஒரு நூற்றாண்டின் தூரம் இவ்வாறு சுருங்கியுள்ளது. ஆனால் வாசலை அடைந்துவிட்டமையே பாதுகாப்பாகிவிடுமா என்பதே இங்கு எழும் வினா.

முதலாவது, உடல்நோய் உளநோயாகத் தோற்றலாம். காய்ச்சல், தலையிற் பட்ட அடி, குருதியிற் சீனியின் வீழ்ச்சி, மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியன சித்தக் கலக்கத்தை விளைவிக்கும். 'விசர்' என்று முன்கூட்டியே முத்திரையிடப்பட்டவனின் உடலைப் பரிசோதிக்காது விடுதல் உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாவது, இரைச்சலும் கூட்டமும் நிறைந்த அறை கலக்கத்தை மிகுவிக்கும். அமைதியான ஓரிடமும், தீங்கு விளைக்கும் பொருள்கள் அகற்றப்பட்ட கட்டிலும், அருகிலே அகலாதிருக்கும் ஒருவரும் வேண்டும். மூன்றாவது, கட்டிவைத்தல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும். பொறுமையான பேச்சுப் பயனளிக்காதபோது மட்டும், குறுகிய நேரத்துக்கு, மூச்சும் நாடியும் இடைவிடாது கண்காணிக்கப்பட அது நிகழவேண்டும். குப்புறக் கிடத்தி அழுத்துதல் மூச்சையே நிறுத்திவிடக் கூடும். நான்காவது, நோயாளியின் கௌரவமும் பாதுகாப்பின் ஓர் அங்கமே. அடுத்த கட்டிலில் அயலவர் இருக்கும் சிற்றூரில், உரத்துக் கேட்கப்படும் ஒரு வினா ஒரு பெண்ணின் வாழ்வையே பாதிக்கலாம். மீண்டும் நெருக்கடி நேரின் அவள் அவ்வாசலை மிதிக்கமாட்டாள்.

ஐந்தாவதும் பெரும்பாலும் மறக்கப்படுவதும், வீடு திரும்பிய பின்னரான தொடர்பாகும். உலக சுகாதார நிறுவனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1,867 பேரிடையே நடத்தி 2008 இல் முடிவு வெளியிட்ட ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. தற்கொலைக்கு முயன்று மீண்டோருள் ஒரு சாராருக்கு ஏறத்தாழ ஒரு மணிநேர உரையாடலும், 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிப்பும் வழங்கப்பட்டன. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 2.2 வீதத்தினர் அக்காலத்துள் தற்கொலையால் இறக்க, இவர்களுள் 0.2 வீதத்தினரே அவ்வாறு இறந்தனர். இதற்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியன்று. பெயரை நினைவிற்கொண்டு கதவைத் தட்டும் ஒரு மனிதரே.

முடிவாக, இவ்வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகும். நெடுங்காலமாகப் பாதுகாப்பு என்பது நோயாளியிடமிருந்து ஊரைக் காத்தல் எனவே பொருள்கொள்ளப்பட்டது. கட்டளைச் சட்டமும் சங்கிலியும் 302 ஆம் பிரிவும் அப்பொருளின் வெவ்வேறு வடிவங்களேயாம். நோயாளியைக் காத்தலே பாதுகாப்பு என்னும் பொருள் அண்மையிலேயே அரும்பியுள்ளது. அதனை மலரச் செய்தல் வைத்தியரின் கடன் மட்டுமன்று. நாளை வைத்தியராகவும் ஆசிரியராகவும் நிருவாகிகளாகவும் வெளிச்செல்லும் பல்கலைக்கழக மாணவர் அனைவரது கடனுமாகும். 'அங்கொடை' என்னும் சொல்லை வசையாக வழங்குவதை விடுதல் அக்கடனின் முதற்படியாக அமையட்டும்.