ஓர் இரவு அவகாசம்

தேவதானப்பட்டி என்ற பெயரே ஒரு நில ஆவணம்தான். கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்றும், பிராமணர்க்கு விடப்பட்டதைப் பிரமதேயம் என்றும், சமணப் பள்ளிக்கும் பௌத்தப் பள்ளிக்கும் விடப்பட்டதைப் பள்ளிச்சந்தம் என்றும் நம் கல்வெட்டுகள் பிரித்துச் சொல்கின்றன. மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் இருக்கும் ஊர் இது. வெள்ளத்தில் மிதந்து வந்த பெட்டி மூங்கில் புதரில் அணைந்து நின்றது என்பது தலக்கதை. கருவறையின் மூடிய கதவுக்கே இன்றும் பூசை நடக்கிறது. தெய்வம் குடிகொள்ளவும் ஒரு புதர்தான் இடம் கொடுத்தது என்று இந்த ஊரின் கதை சொல்கிறது.

இதை நினைக்க வைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி. என் உறவினர் ஒருவர் ஊருக்கு வெளியே, கொடைக்கானல் மலையடிவாரத்தை நோக்கிய பக்கத்தில், பழைய மாந்தோப்பை உடைத்துப் போட்ட மனைகளில் ஒன்றை வாங்கினார். ஐந்து சென்ட். அதன் வடமேற்கு மூலையில் ஒரு புளியமரம். மாசி மாதம் ஒரு காலையில் பொக்லைன் வந்துவிட்டது. மணிக்கணக்கில் வாடகை. மரத்தின் பொந்திலிருந்து கிளி ஒன்று கத்திக்கொண்டு வெளியே பறந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “உள்ளே குஞ்சு இருக்கும்போல இருக்கே, என்னண்ணே செய்யட்டும்?” என்று கேட்டார். உறவினர் என்னைப் பார்த்தார். என்னிடம் விடை இல்லை. வீடு கட்டுமுன் நிலத்தில் ஏற்கனவே குடியிருப்பவற்றை என்ன செய்வது என்ற இந்தக் கேள்விக்கு நம் மரபில் என்ன விடைகள் இருந்தன என்று அதன்பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

முதல் விடை மகாபாரதத்தில் இருக்கிறது, அது கொடூரமானது. காண்டவப் பிரஸ்தத்தில் குடியேறிய பாண்டவரின் காலத்தில், அக்னியின் பசிக்காகக் காண்டவ வனம் எரிக்கப்படுகிறது. கிருஷ்ணனும் அர்ச்சுனனும் வனத்தின் இரு புறமும் நின்று, தப்பி ஓடும் உயிர்களைத் திரும்பத் தீக்குள் தள்ளுகிறார்கள். காத்துக்கொள்ள இந்திரன் பெய்வித்த மழையும் தடுக்கப்படுகிறது. பிழைத்தவர் ஆறு பேர் மட்டுமே: தட்சகனின் மகன் அசுவசேனன், அசுரத் தச்சன் மயன், சார்ங்கப் பறவையின் நான்கு குஞ்சுகள். சிறகு முளைக்காத குஞ்சுகளைத் தூக்கிப் பறக்க முடியாமல் தாய் ஜரிதை தவிக்கும் பகுதி இதிகாசத்தின் மிக நுட்பமான இடங்களுள் ஒன்று. ஐராவதி கார்வே தம் ‘யுகாந்த’ நூலில் இந்த எரிப்பை வெறும் புராண அற்புதமாகக் கொள்ளாமல், நிலத்தைக் கைப்பற்றும் செயலாக வாசித்துக் காட்டினார். 1968-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது.

உயிர் பிழைத்த மயன்தான் நன்றிக்கடனாகப் பாண்டவருக்குச் சபாமண்டபம் கட்டித் தருகிறான். தென்னாட்டுச் சிற்பிகள் போற்றும் கட்டடக்கலை நூலான மயமதமும் அவன் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்நூலில் மரம் சேகரிக்கும் முறை பற்றிய பகுதியில் ஒரு சடங்கு வருகிறது. வெட்டப்போகும் மரத்துக்குப் பூசை செய்து, அதில் உறையும் பூதங்களும் தெய்வங்களும் தம் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தச்சன் வேண்டிக்கொள்கிறான். காடு எரிந்தபோது ஓடித் தப்பியவனின் பெயரால் வழங்கும் நூல், மரத்தில் குடியிருப்போரிடம் முன்கூட்டிச் சொல்லச் சொல்கிறது. இந்தப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் எனக்கு அதைக் கடந்து போக முடியவில்லை.

ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் இதையே இன்னும் விரிவாகச் சொல்கிறது. தெய்வ உருவம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போகிறவன், இரவில் மரத்தைப் பூசித்து, அதில் வாழ்பவை பலியை ஏற்றுக்கொண்டு வேறிடம் தேடிக்கொள்ள வேண்டும், தன்னைப் பொறுத்தருள வேண்டும் என்று வணங்குகிறான். கோடரி மறுநாள் காலையில்தான் விழும். இந்திர விழாவின் கொடிக்கம்பத்துக்கு மரம் தேர்வதைச் சொல்லும் இடத்தில், பல பறவைகள் தங்கும் மரமும் பொந்துள்ள மரமும் ஆகாதவை என்று விலக்கப்படுகின்றன.

இதை இன்றைய உயிரினப் பாதுகாப்பு என்று சொல்லிப் பெருமைப்படுவது சரியாகாது. அந்த விதிகளின் அடியில் இருப்பது பெரும்பாலும் அச்சம். வீட்டுக்குத் தீங்கு வரக்கூடாது என்ற கவலை. ஆனால் அச்சத்தின் விளைவாகக் கிடைத்தது ஓர் இரவு அவகாசம். விளக்கும் ஆள் நடமாட்டமும் கண்டு, நகரக்கூடிய உயிர்கள் நகர்ந்திருக்கும். மணிக்கணக்கில் வாடகை ஓடும் இயந்திரத்துக்கு அந்த இரவு இல்லை.

சோழர் செப்பேடுகள் வேறொரு பார்வையைத் தருகின்றன. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த ஆவணம் போன்றவற்றில், பெண் யானையை நடத்தி எல்லை சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நட்டு நிலத்தை ஒப்படைக்கும் வழக்கத்தைக் காண்கிறோம். எதுவும் விடுபடாமல் நிலத்தைக் கொடுத்தோம் என்று சொல்ல, மேல்நோக்கி வளர்ந்த மரம், கீழ்நோக்கித் தோண்டிய கிணறு, புற்று என்று அடுக்கிக்கொண்டே போய், உடும்பு ஓடிய இடத்தையும் ஆமை தவழ்ந்த இடத்தையும் கூட அந்த ஆவணங்கள் சேர்த்துக்கொள்கின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமையும் இத்தகைய ஆவணங்களிலேயே வழங்கப்படுகிறது. இதுவும் கருணை அன்று, உடைமைச் சட்டத்தின் மொழி. ஆயினும் நிலத்தை எழுதியவர் உடும்பையும் ஆமையையும் கண்டிருக்கிறார். இன்றைய கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் சதுரடியும் இருக்கின்றன, உடும்பு இல்லை.

நவீன காலத்து விடையைப் பக்கத்து மாநிலத்தில் லாரி பேக்கர் (1917–2007) செய்து காட்டினார். திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை 1970-களில் எழுப்பியபோது, நிலத்தின் சரிவை வெட்டிச் சமன்செய்யாமல், நின்ற மரங்களுக்கு இடம்விட்டுச் சுவர்களை வளைத்தார். மரம் வரைபடத்துக்கு இடைஞ்சல் என்றால் மாற வேண்டியது வரைபடம்தான் என்பதே அவர் வேலைமுறை. பெரும் செலவு கேட்கும் வழி அன்று அது. குறைந்த செலவுக் கட்டடங்களுக்காகவே அவர் பெயர் பெற்றார்.

சட்டமும் ஒன்றைச் சொல்கிறது; பலர் அதை அறியார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் விளக்கத்துக்குள் காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் அடங்கும். துப்பாக்கி இல்லாமலே ஒருவர் வேட்டைக்காரர் ஆகிவிட முடியும்.

இதில் நாள்காட்டியின் சங்கடம் ஒன்றும் உண்டு. மார்கழி கழிந்து தை பிறந்ததும் நாம் மனை முகூர்த்தம் பார்க்கிறோம். மழை இல்லாத, வேலைக்கு வசதியான காலம். கிளியும் ஆந்தையும் மரப்பொந்துகளில் குஞ்சு பொரிப்பதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். அவற்றுக்கும் நமக்கும் முகூர்த்தம் ஒன்றாக அமைந்துவிடுகிறது. மரத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றாலும், பொந்தைப் பார்த்துவிட்டு எடுக்கலாம். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கலாம். புதரைத் தீ வைக்காமல், சாலைப் பக்கமிருந்து தோட்டப் பக்கமாகச் சிறிது சிறிதாக வெட்டிச் சென்றால் பாம்பும் ஓணானும் கீரியும் தாமே விலகிப் போகும். காண்டவத்தில் அடைக்கப்பட்டது இந்த வழிதான். நிறுத்திக்கொள்ளும் மரத்தின் கிளைநிழல் விழும் வட்டத்துக்குள் வானம் தோண்டாமலும், அடிமரத்தில் மண் மேடிட்டு மூடாமலும் இருக்க வேண்டும். வெட்டாமல் விட்ட மரங்கள் பல, வேர் அறுபட்டும் மூச்சு முட்டியும் சில ஆண்டுகளில் பட்டுப்போகின்றன.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வெளிவந்தது 1966-இல். ஒரு மரத்தைச் சாகடிக்கக் கோடரி தேவையில்லை, அதைச் சுற்றி மனிதர்களின் ஆசைகள் திரண்டால் போதும் என்பதை அதைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலை என் உறவினர் இரண்டு மணி நேர வாடகையைக் கொடுத்து இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார். வீட்டு வாசலில் புளியமரம் ஆகாது என்று வீட்டில் எதிர்ப்பு இருந்தது. சித்திரை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். சித்திரையில் பொந்து காலியானது. அதற்குள் அந்த நிழலில் நின்று பேசிப் பழகிவிட்ட கொத்தனார், சமையலறையை நான்கடி கிழக்கே தள்ளினால் மரம் நிற்கும் என்றார். மரம் நிற்கிறது. அடுத்த மனைகளில் மாமரங்கள் இல்லை. கிளிகள் அடுத்த தையில் வந்தனவா என்று நான் தொலைபேசியில் கேட்டேன். “வந்திருக்கு, ஆனா ஒரு சோடிதான்” என்றார்.