கருவிக்கு முன் ஆசிரியர்: கல்வராயன்மலைப் பள்ளிகளும் கணினிக் கல்வி நிதியும்

பள்ளிக் கணினிக் கல்விக்கு ஒதுக்கப்படும் அரசுப் பணம் முதலில் பொருளைத் தேடிப் போகிறது, மிச்சம்தான் ஆளுக்கு. நிதி விதிகளே அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளிக்கல்வித் திட்டத்துக்கு 2018இல் வகுக்கப்பட்ட நெறிமுறையில், ஒரு பள்ளியில் ஆய்வகம் அமைக்க ஒருமுறை மானியம் 6.40 லட்சம் ரூபாய். தொடர் மானியம் ஆண்டுக்கு 2.40 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். மாதக் கணக்கில் அது 20,000 ரூபாய். பயிற்றுநர் ஊதியத்தோடு மின்கட்டணம், இணையம் போன்ற செலவுகளும் அதற்குள் அடங்க வேண்டும். தமிழ்நாட்டின் 2025–26 நிதிநிலை அறிக்கையும் 2,000 பள்ளிகளின் கணினி ஆய்வகங்களைப் புதுப்பிக்க 160 கோடி என்று பொருளுக்கான தொகையைத்தான் தெளிவாகச் சொன்னது. ஆய்வகம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஆசிரியர் பயிற்சியை ஆண்டுதோறும் வரும் நிலையான செலவாக ஏற்காதவரை ஆய்வகத்துக்கான பணம் பலன் தராது; கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன்மலை போன்ற இடங்களில் இது இன்னும் உண்மை.

ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை ஒரு சிறு பிழையில் பார்க்கலாம். பதினோராம் வகுப்பு மாணவி சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதுகிறாள். ஆறாம் வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டுவிடுகிறது. கணினியோ பெரும்பாலும் ஏழாம் வரியில் பிழை என்கிறது, அதையும் ஆங்கிலத்தில். அவள் ஏழாம் வரியை அழித்து அழித்து எழுதுகிறாள். மொழி தெரிந்த ஆசிரியர், மேல் வரியைப் பார் என்று ஒரே சொல்லில் அவளை மீட்டுவிடுவார். ஆய்வகத்தைத் திறந்து மூடுவதற்கு மட்டும் அமர்த்தப்பட்டவரால் அது முடியாது. ஆனால் அந்த ஆசிரியரை உருவாக்க நாம் செய்தது என்ன? 2012இல் கணினி, ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேரமாக, மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தோம். 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 முதல்நிலைக் கணினிப் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியது; அவை மேல்நிலை வகுப்புகளுக்கானவை. இப்போது டிஎன் ஸ்பார்க் திட்டத்தின் மூலம் செயற்கை நுண்ணறிவும் நிரலாக்கமும் ஆறாம் வகுப்புக்கே வருகின்றன. கணக்கும் அறிவியலும் நடத்துகிறவர்களே அவற்றையும் நடத்த வேண்டியிருப்பதால், பயிற்சியின் தேவை பன்மடங்காகிவிட்டது.

கல்வராயன்மலை ஜாகிர்தார்களின் ஆட்சியிலிருந்து 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. பள்ளிகளிலும் இந்தக் குறை தெரிகிறது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் படிக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின்கீழ் உள்ளவை. பயிற்சித் திட்டங்களை வகுப்பதோ பள்ளிக் கல்வித்துறை. இரு துறைகளுக்கு இடையே விடுபடுவது பெரும்பாலும் மலைப்பள்ளிதான். இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவர் கீழே பயிற்சிக்குப் போனால், அத்தனை வகுப்பும் மற்றவர் தலையில் விழும். அதனால் மாற்று ஆசிரியருக்கான ஊதியத்தையும் பயிற்சிச் செலவிலேயே சேர்க்க வேண்டும். பயிற்றுநரே வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலை ஊர்களுக்கு ஏறிச் செல்ல வேண்டும். இதற்குச் செலவு கூடும். சமவெளியில் ஒருவருக்கு ஆகும் தொகையை மலைக்கும் அளவுகோலாக வைப்பது நியாயமே அல்ல.

பயிற்சி பெற்றவர் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் மலையிறங்கிவிடுவார் என்பது வலுவான மறுப்பு. அவர் இறங்கினாலும் இன்னொரு அரசுப் பள்ளிக்குத்தான் போகிறார், பணம் வீணாகவில்லை. ஆனால் மலை இழப்பது உண்மை. அதற்கு வழி, மலையிலேயே பிறந்து கணினி படித்த பட்டதாரிகளின் பி.எட். செலவை அரசு ஏற்று, அவர்களை அங்கேயே நிரந்தரமாக நியமிப்பது. மின்சாரமும் சிக்னலும் நிலையாக இல்லாத இடத்தில் நிரலாக்கம் எதற்கு என்பார்கள். நிரல் எழுத இணையம் தேவையில்லை. நிரலுக்கான படிமுறையை (அல்காரிதம்) தாளிலும் கற்பிக்கலாம், கற்பிக்கத் தெரிந்தவர் இருந்தால். ஓராசிரியர் பள்ளிக்கு முதல் தேவை இரண்டாம் ஆசிரியர் என்பதை மட்டும் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். நிதியில்லை என்ற வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது. 2024–25க்கான சமக்ர சிக்ஷா பங்கான 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததும், மாநிலம் உச்ச நீதிமன்றம் சென்றதும் நடந்தவை. அப்படி நின்றுபோகக்கூடிய பணத்தை நம்பிப் பயிற்சியை வைத்ததுதான் தவறு. கேரளம் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை எடுத்து, 2024இல் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்க அதனால் முடிந்தது. இங்கிலாந்து 2014இல் பாடத்தை மாற்றிவிட்டு, ஆசிரியர்கள் திணறுவதைக் கண்ட பின்னரே 8.4 கோடி பவுண்டை அவர்கள் பயிற்சிக்கு ஒதுக்கியது. டிஎன் ஸ்பார்க் பாடம் வகுப்புக்கு வந்துவிட்ட நிலையில், மாநிலத்தின் சொந்த நிதியிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்கெனத் தனித்தலைப்பும், அதில் மலைப்பள்ளிகளுக்கெனப் பிரித்த பங்கும் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும்.