தறி, தார்க்கூடை, ஸ்வாப்: ஒரு சிறு வரலாறு



நம்மில் பலர் வங்கிகளிலும் கம்ப்யூட்டர் நிறுவனங்களிலும் டேட்டாபேஸ் சர்வரைக் கட்டி மேய்க்கிறோம். "சர்வர் ஸ்லோவா இருக்கு, ஸ்வாப்பைக் கூட்டிடுங்க" என்ற பேச்சு நமக்குப் பழகிப்போனது. அந்த ஸ்வாப் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், கூட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்போம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நெசவாளரின் கைக்கெட்டும் தார்க்கூடைதான் மெமரி. பரணில் இருக்கும் பட்டு நூல் டிஸ்க். ஒவ்வொரு தாருக்கும் எழுந்து பரணுக்குப் போனால் புடவை எப்போ முடியும்?

1962-ல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில் மெமரி 16 ஆயிரம் சொற்கள்தான்; சுழலும் டிரம்மில் 96 ஆயிரம். இரண்டையும் ஒன்றே போலக் காட்டி, வேண்டியபோது பக்கம் பக்கமாக இடம் மாற்றினார்கள். மெமரி யானை விலை விற்ற காலத்தில் அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் 1968-லேயே பீட்டர் டென்னிங் எச்சரித்தார்: அளவு மீறி வேலையை ஏற்றினால், பக்கம் மாற்றுவதிலேயே மெஷினின் பொழுது போய்விடும். இதற்கு 'திராஷிங்' என்று பெயர்.

1969-ல் பிறந்த யூனிக்ஸ், ஆரம்பத்தில் ஒரு புரோகிராமை முழுசாக டிஸ்க்குக்குத் தள்ளி இன்னொன்றை இழுத்து வந்தது. அதுதான் ஸ்வாப். 1979 இறுதியில் பெர்க்லியிலிருந்து வந்த 3பிஎஸ்டி, பக்கம் பக்கமாக மாற்றும் முறையை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டில், அரியலூரில் பிறந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984-ல் அறிக்கை தந்தது. வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. யூனிக்ஸும் கூடவே வந்தது. அதைப் படித்த பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, 8 ஜிபி மெமரி உள்ள சர்வர். ஆரக்கிள் தன் பொது மெமரியான எஸ்.ஜி.ஏ.வுக்கு 5 ஜிபி எடுத்துக்கொள்கிறது. 300 கனெக்‌ஷன்கள், ஆளுக்கு 10 எம்பி என்றால் கிட்டத்தட்ட 3 ஜிபி. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு என்ன மிச்சம்? ஒண்ணுமில்லை! ஸ்வாப்பை இரட்டிப்பாக்கினால் பரண்தான் பெரிசாகும், கூடை பெரிசாகாது. கவுண்ட்டரில் நிற்கும் வரிசை நீண்டுகொண்டே போகும்.

ஆகவே முதலில் விஎம்ஸ்டாட் கட்டளையைப் போட்டு எஸ்.ஐ., எஸ்.ஓ. எண்களைக் கவனியுங்கள். ஸ்வாப்பில் கொஞ்சம் கிடப்பது குற்றமில்லை; அந்த எண்கள் விடாமல் ஓடினால்தான் ஆபத்து. அப்போது எஸ்.ஜி.ஏ.வைக் குறையுங்கள், கனெக்‌ஷனுக்கு வரம்பு வையுங்கள், பிறகும் போதாவிட்டால் மெமரி வாங்குங்கள். அதற்காக ஸ்வாப்பை அடியோடு எடுத்துவிடவும் வேண்டாம். மெமரி தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவதொரு புரோகிராமைக் கொன்றுவிடும். அது உங்கள் டேட்டாபேஸாகவே இருக்கலாம்.

தம்பி தங்கைகளே, இதையெல்லாம் லேபிலேயே செய்து பாருங்கள். சந்தேகம் வந்தால், இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் அண்ணன் அக்காக்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.