தேவாங்கும் மழைக்கணக்கும்

ஒல்லியான பிள்ளையைத் "தேவாங்கு மாதிரி இருக்கிறான்" என்று கேலி செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால், அந்தத் தேவாங்கை நேரில் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? பகலெல்லாம் முட்புதரில் சுருண்டு உறங்கி, இருட்டிய பின் இரை தேடிப் புறப்படும் சிறு பிராணி அது. எடை கால் கிலோ அளவுதான். குரங்குக்கும் நமக்கும் தூரத்து உறவு.

இதன் அறிவியல் பெயருக்கும் நம் வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. 1908ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு விலங்கியலார் ஆங்கெல் கப்ரேரா இதற்கு 'லோரிஸ் லிடெக்கெரியானஸ்' என்று பெயரிட்டார். அந்தப் பெயருக்குரிய மூல இடமாகக் குறிக்கப்பட்டது மதராஸ். அந்நாளில் மதராஸ் நகரைச் சூழ்ந்திருந்தது செங்கற்பட்டு மாவட்டம். சிங்கப்பெருமாள் கோயில், வண்டலூர்ப் பக்கங்களில் இன்றும் எஞ்சியிருப்பவை போன்ற வறண்ட புதர்க்காடுகள் தேவாங்குக்கு ஏற்ற வீடு.

பதப்படுத்திய உடலைப் பார்த்துப் பெயர் வைத்துவிடலாம். ஆனால் அது இரவில் எதை உண்டது, எப்போது குட்டி ஈன்றது என்பதை அந்த உடல் சொல்லாது. 1960களில் எல்.எஸ். ராமசாமி, டி.சி. ஆனந்தகுமார் ஆகியோர் தேவாங்கின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து எழுதினர். காட்டு வாழ்க்கை விளங்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

1997, 1998 ஆண்டுகளில் திண்டுக்கல்லை அடுத்த அய்யலூரில் நெகாரிஸ் என்ற ஆராய்ச்சி மாணவி இரவிரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். அதே காலத்தை ஒட்டி மைசூர்ப் பல்கலைக்கழக மாணவி சிந்து ராதாகிருஷ்ணாவும், பேராசிரியர் மேவா சிங்கின் வழிகாட்டுதலில், திண்டுக்கல் பகுதியில் ஆய்வு செய்தார். தேவாங்கின் உணவு ஏறக்குறைய முழுவதும் பூச்சி முதலிய சிற்றுயிர்களே என்பதும், அவற்றுள் எறும்பும் கறையானும் பெரும்பங்கு என்பதும் அய்யலூரில் தெரிந்தன.

இங்கேதான் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. தேவாங்கின் கர்ப்பகாலம் சுமார் ஐந்தரை மாதம். இன்று கருவுற்ற தாய் பாலூட்டும்போது மழை பெய்து பூச்சி பெருகியிருக்குமா என்பதை அது முன்கூட்டி அறியாது. பருவமழை தவறாமல் வந்தால் கணக்கு சரியாகும். தவறினால் தாயும் குட்டியும் பட்டினி கிடக்க நேரலாம். 2015இல் செங்கற்பட்டு வெள்ளத்தில் மிதந்தது. மறு ஆண்டே தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. புவி சூடாகும்போது இத்தகைய ஏற்ற இறக்கம் மிகும் என்று வானிலை அறிஞர் அஞ்சுகின்றனர்.

மடகாஸ்கர் தீவில் இன்னொரு சிற்றுறவு உண்டு. தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, மரப்பொந்தில் ஏழு மாதம் உறங்கும் குள்ள லெமூர் அது. பொந்தின் சுவர் மெல்லியதாயின், வெளிவெப்பம் ஏறி இறங்கும்போது அதன் உடல்வெப்பமும் ஏறி இறங்கும் என 2004இல் அறிவிக்கப்பட்டது. இரவு விலங்கின் வாழ்வு வெப்பத்தோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளது, பாருங்கள்!

2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர்த் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவில் இத்தகையது இதுவே முதலாவது. ஆனால் வேலி எழுப்பி மழையைக் கட்டிவைக்க முடியுமா? மாற்றத்தை அறியப் பழைய கணக்கு வேண்டும். 1908இன் இரவுகளைப் பற்றிய குறிப்பு இருந்திருந்தால், இன்றைய இரவுகளை அதோடு ஒப்பிட்டிருக்கலாம்.

மாணவர்களே, தேவாங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்; காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் ஊரில் பெய்த மழையின் அளவையும், இரவு வெப்பத்தையும், விளக்கைத் தேடி ஈசல் வந்த நாளையும் நோட்டில் எழுத யார் அனுமதியும் தேவையில்லை. ஆண்டுதோறும் விடாமல் எழுதுங்கள். நாளை தேவாங்கை ஆராய வருபவருக்கு அந்த நோட்டு பயன்படும்.